இரண்டு அங்குலம் இறங்கிய கார்

என் தாய்மாமாவுக்கு ஸ்டைல் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பது ஒன்பது வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய மாதமே ஸ்பிரிங்கை மாற்றி அதை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டார். அதன் பிறகு எந்த வேகத்தடையிலும் அடிப்பக்கம் உரசாமல் அது தாண்டியதில்லை. பாரத்தைக் குறைக்க அம்மா இறங்கி நடப்பாள். நான் மட்டும் முன் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். தெருவே சிரித்தது. தரை கூட்டும் கார் என்று அதற்குப் பெயர் வைத்தவளே நான்தான்.

எனக்குப் பிறவியிலேயே கால்கள் நடக்க ஒத்துழைக்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து எந்த வண்டிக்கு மாறினாலும் அம்மாதான் தூக்க வேண்டும். பள்ளி வாசலில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அரிசி மூட்டை போலத் தூக்கப்படுவது எனக்கு உயிர் போகிற வெட்கம். மாமா கார் வந்த பிறகுதான் அது நின்றது. நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தினால் நானே கையை ஊன்றிச் சீட்டுக்கு நகர்ந்துவிடுவேன். கை பலமாகிவிட்டதென்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் முன் டயர்களின் உள்பக்கம் வழுக்கையாகிவிட்டது. கார் இடது பக்கமாக இழுத்தது. ஸ்பிரிங்கை மாற்றியதோடு வேலை முடிந்ததென்று மாமா நினைத்திருந்தார். உயரம் குறைந்தால் சக்கரமும் சாயும், உடனே அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நெடுஞ்சாலையோர அலைன்மென்ட் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு மாமாவைக் காய்ச்சி எடுத்தார். பழைய ஸ்பிரிங்கைப் போட்டு உயரத்தை ஏற்றினால்தான் வண்டியில் கை வைப்பேன் என்றார். மாமா முடியவே முடியாது என்றார்.

“இன்னா சார், ஸ்டைலுக்கோசரம் உசுரோட வெளயாடிக்கினு கீறீங்க?”

மாமா நாற்காலியைக் கதவருகே தள்ளி, என்னை ஏறச் சொன்னார். நான் கையை ஊன்றி ஒரே நகர்வில் சீட்டில் உட்கார்ந்தேன். கடைக்காரர் நாற்காலியையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“பாப்பா எறங்க வாணாம். அது வெயிட்ட வெச்சே செட் பண்றேன்” என்றார், குரலை இறக்கி.

காரை மேடையில் ஏற்றி, சக்கரங்களில் கருவியை மாட்டி, அடியில் புகுந்து திருகினார். கணினித் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. வெளியே வந்தவரிடம், எனக்குக் கை எவ்வளவு பலம் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் மாமாவைப் பார்த்தார்.

“ஆமா, எங்க பாப்பாவுக்குக் கை பலம் ஜாஸ்தி” என்றார் மாமா.

இன்று நினைத்தால் மாமாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்று வீடு வந்து சேரும்வரை, ஸ்டைலுக்காக இரண்டு டயரைத் தேய்த்துத் தீர்த்தவர் என்று அவரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.