போலீஸ்காரர் கேட்ட சாட்சி

இன்று காலை எங்கள் டெல்லி ஜனக்புரி வீட்டுக்கு விசாரணைக்காக ஒரு போலீஸ்காரர் வந்தார்.

என் மனைவி மலேசியப் பிரஜை. இங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருக்கிறாள். நாங்கள் நிஜமாகவே கணவன் மனைவிதானா என்று அவர் பார்த்து எழுத வேண்டும்.

கல்யாண ஆல்பத்தை நீட்டினேன். படத்தில் மேக்கப்போடு இருந்தவளையும் எதிரே நைட்டியில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யே கௌன்?" என்று படத்தைக் காட்டி, இது யாரென்று ஹிந்தியில் கேட்டார்.

இரண்டு பேர் பெயரிலும் இருந்த பாஸ்புக்கைக் கொடுத்தோம். "இதெல்லாம் யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியைக் கூப்பிட்டார்.

"பக்கா மியா பீவி! தினமும் சண்டை. பாஷை புரியாது, ஆனா அது புருஷன் பெண்டாட்டி சண்டைதான்" என்றார் ஆன்ட்டி.

"அச்சா? கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்றார் போலீஸ்காரர்.

அவசரத்துக்குச் சண்டை வரவில்லை. "நீயே ஆரம்பி" என்றேன் மனைவியிடம்.

"அப்போ எப்பவும் நான்தான் ஆரம்பிக்கிறேனா?"

"பின்னே, உன் தம்பியா?"

"என் தம்பிய ஏன் இழுக்குறீங்க?"

ஒரு வார்த்தையும் புரியாத போலீஸ்காரர், "போதும், போதும்" என்று கும்பிட்டு, "உண்மையான தம்பதி" என்று எழுதிக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

சண்டை இன்னும் நடக்கிறது. சமாதானம் பேச வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு. சமைப்பது யார் என்பதையும் நீங்களே பேசி முடித்துவிடுங்கள்.