ரூம் என்றால் எந்த ரூம்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஹாலில், செருப்பு அலமாரியின் மேல்தட்டில், மூடிய நிலையில் ஒரு பழைய மடிக்கணினி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை உடைந்துவிட்டது, மற்றபடி நலம். நானும் மனைவியும் வாங்கிய குறுந்தகடுகள், ஒலிநாடாக்களிலிருந்து மாற்றியவை, அவள் கல்லூரி நாட்களில் சேர்த்தவை என்று எங்களிடம் உள்ள பாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது. போனில் ஒரு பாட்டைத் தொட்டு, எந்த டப்பாவில் பாடவேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், அந்த டப்பா பாடும்.

டப்பா என்பது நாங்கள் வைத்த பெயர். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. முன்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்னத் திரை. இணையம் கிடைக்கும் இடத்தில் எங்கே வைத்தாலும் ஷார்ஜா மடிக்கணினியிலிருந்து பாட்டை இழுத்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு இருந்தன, ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. எனக்கு அல் ஐனில் வேலை கிடைத்து, திங்கள் முதல் வெள்ளி மதியம்வரை அங்கே தங்க வேண்டும் என்று ஆனபோது மூன்றாவதாக ஒன்று வாங்கி எடுத்துப் போனேன். அதை இயக்கியதும் பெயர் கேட்டது. "ரூம்" என்று கொடுத்தேன்.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருந்தால் அது வீடு. குடும்பம் இல்லாமல் இருந்தால் ரூம். இரண்டு படுக்கையறை, சமையலறை, பால்கனி எல்லாம் இருந்தாலும் ரூம்தான். "ரூமுக்குப் போறேன்", "ரூமுக்கு வாங்க", "நம்ம ரூம்காரர்" என்று பேசிப் பேசி வேறு சொல்லே தோன்றவில்லை. ஹால் டப்பாவுக்கு ஏற்கெனவே "ஹால்" என்று பெயர். படுக்கையறை டப்பாவுக்கு மட்டும் நான் பெயரே வைக்கவில்லை. தொழிற்சாலையில் கொடுத்த எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயரோடு அது பட்டியலின் கடைசியில் கிடந்தது. பத்திரிகை அலுவலகத்தில் படங்களுக்குக் குறிப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். இந்த ஒன்றைக் குறிப்பில்லாமல் விட்டுவிட்டேன்.

சென்ற குளிர்காலத்தில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் தனிப்பாடல் பாட விரும்புகிறவர்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து வியாழன் இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அறிவித்தார்கள். என் மனைவி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்லூரி மெல்லிசைக் குழுவில் பாடியவள். திருமணத்துக்குப் பிறகு மேடை ஏறியதில்லை.

"பாடி, பதிவு பண்ணி, நானே கேட்டுப் பார்ப்பேன்" என்றாள். "எனக்குப் பிடிச்சா அனுப்புவேன். பிடிக்கலைன்னா இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

"எனக்கு அனுப்பேன், நான் சொல்றேன்."

"வேணாம் சாமி. உங்க காதுலேயும் ஒரு சிவப்புப் பேனா இருக்கு."

திங்கட்கிழமை நான் அல் ஐன் கிளம்பினேன். அவள் மாலை ஆறரை மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடிப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். பதிவானது தானாகவே மடிக்கணினிக்குப் போய்ச் சேரும்படி நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வேலை நேரத்தில் அழைத்தாள்.

"என்னங்க, ரூம் டப்பா பாடவே மாட்டேங்குது. நாலு தடவை அமுக்கிட்டேன்."

"வயரைக் கழட்டி மாட்டிப் பாரு."

"மாட்டிட்டேன். கம்முனு உக்காந்திருக்கு."

"சவுண்டு கம்மியா இருக்கும். போன்லயே ஏத்திப் பாரு."

"சரி, இன்னைக்கு சவுண்டை ஃபுல்லா வெச்சுப் பாக்கறேன்."

அவள் முன்னால் இருந்த டப்பாவைச் சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். போனில் அவள் அமுக்கியது எதை என்று இருவருமே யோசிக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை நீண்டுவிட்டது. புதன்கிழமை நேரத்தோடு திரும்பினேன். கட்டடத்தின் மாடிப்படியில் ஏறும்போதே பாட்டு கேட்டது. இரண்டாவது தளத்தில் அது யார் குரல் என்று தெரிந்தது. எங்கள் ரூம் மூன்றாவது தளம்.

உள்ளே என் ரூம்காரர்கள் இருவரும் இருந்தார்கள். ஒருவர் ராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்த பாய். கீழ்த்தளத்தில் அத்தர்க் கடை வைத்திருப்பவர். மாலைத் தொழுகை முடிந்ததும் ஒரு டீக்காக மேலே வருவார். இன்னொருவர் கோவைக்காரர், சைட் இன்ஜினீயர். அன்று சமையல் அவர் முறை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"வாங்க எடிட்டர் சார்" என்றார் கோவைக்காரர். "உங்க டப்பாவுக்கு என்னாச்சுங்க? மூணு நாளா ஒரே பாட்டு. நாலு வரி பாடுது, நிக்குது, மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. நேத்திலிருந்து கத்த வேற செய்யுது."

"நிப்பாட்டத் தெரியல" என்றார் பாய். "தெரிஞ்சாலும் நான் நிப்பாட்ட விட்டிருக்க மாட்டேன். குரல் நல்லாருக்குல்ல?"

"யாருங்க பாய் அது?"

பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையைப் படித்தார். "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்."

"கேள்விப்பட்டதில்லீங்களே. மலையாளிங்களா?"

"மலையாளியா? ழகரத்தைக் கேளுப்பா. நீயும் நானும் சேர்ந்தாலும் அப்படி வராது."

டப்பா மறுபடியும் முதல் வரியைத் தொடங்கியது. கோவைக்காரர் கத்தியை நிறுத்தினார். "இப்பப் பாருங்க, மூணாவது வரி வரும். மேல ஏறப் போகுது... போச்சுங்களா? பாதியில லிஃப்ட் நின்ன மாதிரி."

"மூச்சு பத்தல" என்றார் பாய். "ரெண்டாவது வரி முடியிற இடத்துல ஒரு மூச்சு எடுக்கணும். இது எடுக்காமலே ஓடுது. பயம்."

"பெரிய வித்வானாட்டப் பேசறீங்க."

"வித்வானா? சின்ன வயசுல பள்ளிவாசல்ல கூட்டமா பைத்துப் பாட்டு பாடினவன்ப்பா நான். மூச்சை எங்க எடுக்கணும்னு தெரியலைன்னா பக்கத்துல இருக்கவன் தொடையில கிள்ளுவான்."

நான் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "அது என் மனைவி" என்று சொல்லிவிட இரண்டு விநாடி போதும். சொன்னால் இருவரும் எழுந்து நின்று பாராட்டுவார்கள், லிஃப்ட்டும் மூச்சும் பேச்சிலிருந்து மறைந்துவிடும். பத்திரிகையில் வேலை பார்த்த காலம் முழுக்க வாசகர் கடிதங்களில் நான் தேடியது இப்படிப்பட்ட அபிப்பிராயத்தைத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

இனி அவளிடம் சொல்வதா வேண்டாமா? அவள் யாரும் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு பாடியதை இரண்டு ஆண்கள் மூன்று நாளாக டீயோடு கேட்டிருக்கிறார்கள். இது தெரிந்தால் அவள் பாடுவதையே நிறுத்திவிடலாம். கெடு மறுநாள். சொல்லாமல் இருந்தால் அவளை ஒளிந்திருந்து கேட்டவன் ஆவேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழைத்தேன், அவள் எடுக்கவில்லை; மகளின் போனுக்கு அழைத்தேன். மகள் எடுத்தாள். "அம்மா பிஸிப்பா. டோர் லாக்டு" என்றாள். கதவைத் தட்டி அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன்.

"ரூம்னா நம்ம ரூம் இல்லியா?"

"இந்த ரூம்."

"அப்ப நம்ம ரூமுக்கு என்ன பேரு?"

அந்த எழுத்துகளையும் எண்களையும் படித்துச் சொன்னேன்.

"பக்கத்து ஃபிளாட்டுக்காரங்க டப்பான்னுல்ல நினைச்சேன்! பேரா அது? கார் நம்பர் மாதிரி." குரல் ஏறியது. "அய்யோ, ஃபுல் சவுண்டு வெச்சேனே! நீங்கதானே வைக்கச் சொன்னீங்க!"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

"அவங்களுக்கு நான்தான்னு தெரியுமா?"

"தெரியாது. மலையாளியான்னு ஒருத்தர் கேட்டார்."

சிரித்துவிட்டாள். பிறகு, "என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க. திருத்தக் கூடாது" என்றாள்.

லிஃப்ட், மூச்சு, ழகரம், பயம் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன். ஒவ்வொரு தடவையும் டப்பாவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனிலேயே கேட்டபோது மூன்றாவது வரி தனக்கும் உறுத்தியதாகவும், சுருதி சரியில்லை என்று நினைத்து நான்கு தடவை மாற்றிப் பாடியதாகவும் சொன்னாள். மூச்சைப் பற்றி யோசிக்கவே இல்லையாம். "நாளைக்கு முழுசாப் பாடி அந்த ரூமுக்கே போடறேன். யாருன்னு சொல்லிடாதீங்க. என்ன சொல்றாங்களோ எழுதி அனுப்புங்க. அதைப் பார்த்துட்டு அனுப்பறதா வேணாமான்னு முடிவு பண்றேன்."

வியாழன் மாலை ஆறரைக்கு மூவரும் ரூமில் இருந்தோம். ஏழு மணி ஆயிற்று. ஏழேகாலுக்குப் பாய் கடைக்கு இறங்க எழுந்தார். இன்னொரு டீ போடுகிறேன் என்று உட்கார வைத்தேன். ஏழரைக்கு டப்பாவின் திரை ஒளிர்ந்தது.

"அன்னோன் அக்கா வந்துட்டாங்க" என்றார் கோவைக்காரர்.

இரண்டாவது வரி முடியும் இடத்தில் சின்ன இடைவெளி. மூச்சு எடுத்தது எங்களுக்குக் கேட்டது. மூன்றாவது வரி மேலே போனது, நின்றது, இறங்கி வந்தது. கோவைக்காரர் அடுப்பை அணைத்தார். டப்பா நான்கு வரியோடு நிற்கவில்லை, சரணத்துக்குள் போயிற்று. மூன்று நாளும் யாரும் கேட்டிராத பகுதி அது. கடைசி வரி முடிந்தது.

"ஏறிடுச்சு" என்றார் பாய். "மாஷா அல்லாஹ்."

"ஏறினதுமில்லாம அங்கியே நின்னு ஊரைச் சுத்திப் பாத்துட்டுல்லங்க எறங்குது!"

இரண்டையும் பேசிய வழக்கிலேயே தட்டச்சு செய்து அனுப்பப் போனேன். அதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஏழு இருபத்தெட்டுக்கு. "கமிட்டிக்கு அனுப்பிட்டேன். அடுத்து உங்களுக்குப் போடறேன்."

ரூமில் பாட ஆரம்பிப்பதற்கு முன்பே அனுப்பியிருக்கிறாள். எங்கள் கருத்துக்காகக் காத்திருக்கவில்லை. நான் தட்டச்சு செய்ததை அப்படியே அனுப்பிவிட்டு, ரூம்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

கோவைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஏனுங் சார், இதை நேத்தே சொல்றதுக்கென்னுங்? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டேன்!"

பாய் பதறவில்லை. டீயைக் குடித்து முடித்தார். "விழா என்னிக்கு?"

"இன்னும் தேர்வே ஆகலை பாய். கமிட்டி கேட்கணும்."

"அது கமிட்டி வேலை. எங்க வேலை என்னன்னு கேக்கறேன். கடையை எத்தனை மணிக்கு அடைச்சா ஷார்ஜாவுக்கு நேரத்துக்கு வரலாம்?"