அண்ணாவுக்கு விட்ட இடம்

நாலு வருஷத்துக்கு முந்திய ஆவணி மாதம், கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்தில் ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சடங்கு. அதுவரை கொக்கையும் நாரையையும் மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்த நான், தொழிலாக மனிதர்களைப் படமெடுக்கப் போன முதல் நாள் அது.

நான் யாரிடமும் படித்தவள் இல்லை. விடுமுறைக்கு வந்த மச்சாள் விட்டுவிட்டுப் போன பழைய கமராவும், போனில் பார்த்த வீடியோக்களும்தான் என் பள்ளிக்கூடம். முரசுமோட்டை வயல் வரம்பில் நின்று பழகினேன். தண்ணீர் கட்ட வருகிறவர்கள், “இந்தப் பிள்ளைக்கு வேறை வேலை இல்லையோ” என்று கேட்டுக்கொண்டு போவார்கள். கொக்குகள் ஒன்றும் கேட்கவில்லை. படம் சரியில்லை என்று அவை ஒருநாளும் முறைப்பாடு சொன்னதும் இல்லை. அதனாலோ என்னவோ, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

அந்தப் பிள்ளையின் தாய், தர்மபுரத்து அக்கா, என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் திறமை இல்லை. மகளுக்குத் தண்ணீர் வார்க்கும் இடத்தில் ஆம்பிளை கமராக்காரர் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளை ஒருத்தி படம் எடுக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணீர் வார்ப்பு, ஆரத்தி எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. பிறகு பந்தலில் குடும்பப் படம். நடுவில் கதிரையில் பிள்ளை, ஒரு பக்கம் தகப்பன், மற்றப் பக்கம் அக்கா, சுற்றிவர மாமிமாரும் பெரியம்மாமாரும். அக்காவுக்கும் பிள்ளையின் கதிரைக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கக்கூடிய வெளி. ஆட்களுக்கு இடையில் வெளி இருந்தால் படம் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும் என்று வீடியோவில் ஒருவர் சொல்லித்தந்திருந்தார்.

“அக்கா, கொஞ்சம் கிட்ட வாங்கோ,” என்றேன். அவர் அசையவில்லை. இன்னொரு தரமும் சொன்னேன். தகப்பன்தான் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “அது இவவின்ர தமையனுக்கு விட்ட இடம், தங்கச்சி. தாய்மாமன் எல்லே. நீங்கள் எடுங்கோ.”

வெளிநாட்டில் இருப்பவருக்கு இடம் விட்டு எடுத்து, பிறகு கணினியில் அவரைச் சேர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். “எந்த நாட்டில இருக்கிறார்?” என்று கேட்டேன். கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது சனத்துக்குள் காணாமல் போனவர் என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், “அது சின்ன வேலை, நான் சேர்த்துத் தாறன்,” என்று வாய் விட்டேன்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். காணாமல் போவதற்கு வெகு காலம் முன்பு அடையாள அட்டைக்கு எடுத்தது. கழுத்துவரை பூட்டிய சட்டை, அரும்பு மீசை, இருபது வயது முகம். அந்த முகத்தை வேறு உடம்பில் வைத்து, வேட்டி கட்டி, வெளிச்சத்தைச் சரிப்படுத்த ஒரு கிழமை மினக்கெட்டேன். நிழல்கூடச் சரியாக விழுந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு போனேன்.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கு மூத்தவர், தங்கச்சி. இதில என்ர மகன் மாதிரியெல்லே நிக்கிறார்.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய அண்ணன் இருபது வயதில் நின்றார். இறந்தவர்களுக்கு மட்டும்தான் வயது ஏறுவதில்லை. படத்தைப் பார்க்கிற எவருக்கும் அது விளங்கிவிடும். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“கொஞ்சம் வயசாக்க ஏலுமோ?” என்று கேட்டார். ஏலும் என்றேன். கணினியில் நரையும் சுருக்கமும் போட்டுக் காட்டினேன். திரையில் வந்தவர் யாரோ ஒருவர். கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்கிறவராக இருக்கலாம். “நல்லா இருக்கு. ஆனா அண்ணா இல்லை,” என்றார் அக்கா.

அண்ணன் இப்போது எப்படி இருப்பார் என்று அவரையே சொல்லச் சொன்னேன். ஆர்வமாகத் தொடங்கினார். நெற்றி ஏறியிருக்கும், அப்பாவுக்கும் அப்படித்தான். தொந்தி இருக்காது, சாப்பாட்டில் கவனம் இல்லாத மனுசன். மீசையை எடுத்திருக்கமாட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். திரையில் உண்மையிலேயே ஒருவர் கிட்ட வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: “மாமா இப்ப கண்ணாடி போட்டிருப்பாரோ, அம்மா?”

அக்கா திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “தெரியேல்லையே, பிள்ளை,” என்றார்.

நான் பார்த்த எந்த வீடியோவிலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

பிறகு அக்காவே சொன்னார்: “விடுங்கோ தங்கச்சி. இடம் அப்படியே இருக்கட்டும். அவர் வந்தாப் பிறகு நீங்களே வந்து எடுத்துத் தாங்கோ.”

ஓம் என்றேன்.

அந்தப் படம் வெளியோடேயே சட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பல்லுப்போன வாய் மாதிரி இல்லை. வருகிறவர்கள் கேட்டால், “அது அண்ணான்ர இடம்” என்று சொல்வாராம். அதைப் பார்த்துத்தான் அயலில் மற்றவர்களும் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். இப்போது கிளிநொச்சியில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கொக்குகளிடம் போக நேரம் கிடைப்பதில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது, கிட்ட வாங்கோ என்று எடுத்தவுடன் சொல்வதில்லை. “ஆருக்கும் இடம் விடவேணுமோ?” என்று முதலில் கேட்கிறேன். சில வீடுகளில் சிரிப்பார்கள். சில வீடுகளில் யாராவது ஒருவர் அரையடி விலகி நிற்பார்.

தர்மபுரத்து அக்கா இடைக்கிடை போன் எடுப்பார். நெல் வெட்டு, மகளின் பரீட்சை என்று ஊர்க்கதைதான். ஆனாலும் அவருடைய இலக்கம் திரையில் தெரிந்தால், கதைக்கத் தொடங்கும் முன்பே கமராவில் பற்றரி நிறைய இருக்கிறதா என்று என் கண் தானாகப் போய்ப் பார்க்கிறது. ஓம் என்று சொன்ன படம் ஒன்றை நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.