மழையில் மட்டும் வீடு பார்த்தவள்

வீட்டுத் தரகன் வசந்தகுமார் தன் தொழிலில் ஒரு விதி வைத்திருந்தான்: மழை நாளில் யாருக்கும் வீடு காட்டுவதில்லை. சாராளுக்கும் ஒரு விதி இருந்தது: மழை பெய்யாத நாளில் வீடு பார்ப்பதில்லை. இரண்டு விதிகளும் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே முட்டிக்கொண்டன.

“யக்கா, நாலு மணிக்கு உட்ரும். அப்புறமா பொறுமையா பாக்கலாம்.”

“உட்டப்புறம் பாத்து இன்னா பண்றது? கொட்றப்பதான தெரியும்.”

“மழைல பாத்தா எந்த ஊடும் நல்லா இருக்காதுக்கா.”

“அதுக்குத்தான் தம்பி மழைல வந்துகினு இருக்கேன். நட.”

சாராளுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்தது கடம்பத்தூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவள் பத்தொன்பது வயதில் அம்பத்தூருக்கு வேலைக்கு வந்துவிட்டாள். வண்டிகளுக்கு ரேடியேட்டர் செய்யும் கம்பெனி. அவளுக்கு ஒழுகல் சோதிக்கும் வேலை. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தொட்டித் தண்ணீரில் முக்குவார்கள். எங்கிருந்தாவது ஒரு குமிழி கிளம்பினால் சிவப்பு ஸ்டிக்கர். கடுகளவு குமிழியையும் அவள் கண் தப்பவிட்டதில்லை.

அந்த ஆண்டு கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு இடம் மாறியது. கூட வருகிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்களுக்கு இல்லை. அம்பத்தூரில் கொடுத்த வாடகையில் பாதிக்கு இங்கே வீடு கிடைக்கும். ஆனால் மழை வேறு மாதிரி. அங்கே தூறினால் இங்கே கொட்டும். ஆந்திரக் கரைக்குப் போகிற புயல்கூட இந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

சாராளின் மகள் ஏஞ்சலினுக்கு ஐந்து வயது. சுவர் ஈரம் பட்டால் போதும், நெஞ்சில் விசில் கேட்கும். போன கார்த்திகையில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயரிங் வேலை செய்யும் கணவன் சின்னதுரை அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

“ஒரு மழக்காலம் பாப்போம். புள்ளைய ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு தூக்கினாலும் திரும்பிர்லாம். நீ வேலைய உட்ரணும். பேச்சு பேச்சா இருக்கணும்.”

சாராள் ஒப்புக்கொண்டாள். அதனால்தான் இந்த மழை விதி.

முதல் வீட்டில் கூடத்தின் நடுவில் வாளி இருந்தது. இரண்டாவது வீட்டில் புதுச் சுண்ணாம்புக்குக் கீழே பழைய ஈரம் தேசப்படம் போலத் தெரிந்தது. மூன்றாவது, முன்பக்கம் இட்லி தோசை விற்கும் நாஷ்டா கடை வைத்திருந்த பூவம்மாளின் கீழ்ப்போர்ஷன். சாராள் நான்கு மூலைகளிலும் அண்ணாந்து பார்த்தாள். செய்தித்தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டவைத்து, கையால் அழுத்தி எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது, ஊட்டுக்கு ஜொரம் இருக்குதான்னு பாக்குறியா?” என்றாள் பூவம்மாள்.

தாள் காய்ந்தே இருந்தது. வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

“பாஸா?” என்றான் கூடவே வந்திருந்த சின்னதுரை.

“பாஸு.”

நவம்பரில் விடாமல் மூன்று நாள் பெய்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. சாராளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். நான்காம் நாள் காலை டீ போடும்போது பாதம் சில்லிட்டது. குனிந்தாள். இரண்டு டைல்ஸுக்கு நடுவிலிருந்த இடுக்கில் ஒரு குமிழி கிளம்பி உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியைப் பார்ப்பது போலவே பார்த்தாள். ஒன்பது மணிக்குள் வீடு முழுக்கப் பாதம் நனையத் தண்ணீர்.

பூவம்மாள் செங்கற்களோடு வந்தாள்.

“கட்ல இதும்மேல ஏத்துங்க. பின்னாடி இருக்குற ஏரி ரொம்பினா கீழேர்ந்து ஊறும். வருசா வருசம் பத்து பாஞ்சு நாளு இருக்கும்.”

“ஏன்க்கா இத மொதல்லயே சொல்லல?”

“நீ எங்க கேட்ட? வந்ததுலேர்ந்து அண்ணாந்துகினே இருந்த. செவுத்துக்கு பேப்பர் போட்டுப் பாத்த. சரி, வெவரமான பொண்ணு, தரைய பத்தி தெரிஞ்சிகினுதான் வருதுன்னு நெனச்சேன்.”

அந்தத் தெருவில் இது யாருக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. அதனால் யாரும் சொல்லவில்லை. அவளோ எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவள். சோதிக்கிறவள் கேட்பதில்லை, பார்ப்பாள். தரையைப் பார்க்க மறந்துபோனாள்.

கட்டில் மேல் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஏஞ்சலின் பதினோரு மணிக்கு இருமினாள். சின்னதுரை துணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தான்.

“ஆஸ்பத்திரி இன்னும் போவல இல்ல?” என்றாள் சாராள்.

“போற வரைக்கும் வேடிக்க பாத்துகினு இருக்கணுமா?”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுய்யா.”

மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை இருந்தது. பூவம்மாள் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் அண்டா குண்டாக்களை அதில் அடுக்கியிருந்தாள். சாராள் போய்ப் பார்த்தாள். தரை ஏரித் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் கூரை பல இடங்களில் சொட்டியது.

“அது ஒழுவுற ஊடு. அதுல எவ இருப்பா?” என்றாள் பூவம்மாள்.

“ஒழுவுறது எனக்குத் தெரிஞ்ச வேலக்கா. ஊறுறதுதான் தெரியாம போச்சு.”

கதவையும் ஜன்னலையும் சாத்தி அறையை இருட்டாக்கினாள். ஷீட்டில் இருந்த ஓட்டைகள் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிந்தன. ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து சாக்பீஸால் வட்டம் போட்டாள். மதியம் மழை சற்று ஓய்ந்தபோது சின்னதுரை ஏணியில் ஏறினான். அவள் உள்ளேயிருந்து குச்சியால் தட்டிக் காட்டிய இடத்தையெல்லாம் துடைத்து, தார் டேப் ஒட்டினான்.

“இப்ப ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்து!”

“மூணு நாளா வானம் ஊத்துது, பத்தலியா? நான் வேற ஊத்தணுமா?”

“ஊத்துய்யா!”

இரண்டு இடம் தேறவில்லை. மறுபடி ஒட்டினான். மறுபடி ஊற்றினான். நான்கரைக்கு மழை திரும்பப் பிடித்தபோது அண்டாக்கள் ஓர் ஓரமாகவும், கட்டில் நடுவிலும் இருந்தன. கட்டிலின் மேல் ஏஞ்சலின்.

அதன்பிறகு தினமும் காலையில், கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் முன், சாராள் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். முதல் இரண்டு நாள் லேசாக விசில் இருந்தது, இன்ஹேலர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதுவும் குறைந்தது. ஐந்தாம் நாள் மூச்சு மட்டும் கேட்டது. “கூசுதும்மா” என்று ஏஞ்சலின் அவள் தலையைத் தள்ளிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை.

டிசம்பர் கடைசியில் ஏரி அடங்கிக் கீழ்த் தரை காய்ந்தது. பூவம்மாள் மாடிக்கு வந்து, எப்போது இறங்கப் போகிறாய் என்று கேட்டாள்.

“செவுரு நல்லா காயட்டும்க்கா, பங்குனில எறங்குறோம். ஐப்பசில மறுபடி மேல வந்துர்றோம்.”

“ஒரே வாடகைக்கு ரெண்டு ஊடா? நல்லா இருக்குதே நாயம்! அப்ப என் அண்டா குண்டாவ எங்க போட்றது?”

“நாங்க மேல இருக்கும்போது அது கீழ இருக்கட்டும். அதுக்கு வீசிங் வராதுக்கா.”

பூவம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். சின்னதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த அறையில் ஃபேன் மாட்ட வசதியான இடம் எது என்று பார்க்க ஆரம்பித்தான்.