கூழில் ஊற்றிய தண்ணீர்

கூழ் ஊற்றிய மறுநாள் மத்தியானம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். வயிறு ஒருமுறை உருண்டது. எனக்கு அப்போது ஏழாவது மாதம். குழந்தைதான் புரளுகிறது என்று நினைத்து, சும்மா இரு என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுபடி உருண்டபோது கொல்லைக்கு ஓடினேன். பொழுது சாய்வதற்குள் எத்தனை முறை ஓடினேன் என்று கணக்கு இல்லை. கடைசியில் வாந்தியும் சேர்ந்துகொள்ள, ஓடவும் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நான் பிழைத்தவள், தைரியமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்போது யாராவது வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால், முதலில் அவர்களுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கிற மில்லில் வேலை. நான் வீட்டிலேயே தையல். ஆடி வந்தால் தெரு முழுக்க என்னிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுக்கும். அந்த வருஷம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெஷினை மிதிக்கிறேன் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கூழைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே கேப்பை மாவைப் புளிக்கவைத்து, நொய்யரிசி போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிவிடுவோம். மறுநாள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். அங்கே எல்லா வீட்டுக் கூழையும் ஒரே அண்டாவில் கொட்டி, மோரும் வெங்காயமும் போட்டு, கோயில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கையாலேயே கரைப்போம். அந்தத் தண்ணீரை யாரும் காய்ச்ச மாட்டார்கள். ஆத்தாளைக் குளிர்விப்பதற்குத்தானே கூழ், அதில் கொதித்த தண்ணீரை ஊற்றலாமா என்பது எங்கள் நியாயம். இறைத்த கையோடு ஊற்ற வேண்டும், அதுதான் முறை. படைத்த பிறகு ஆளுக்கு ஒரு சொம்பு, கூடவே அவரவர் வீட்டில் வைத்து எடுத்துப்போகிற கருவாட்டுக் குழம்பு.

அந்த வாரம் மழை கொட்டியிருந்தது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தெருவில் ஓடிய தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருந்தது. நிறம் கொஞ்சம் மாறியிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம். புதுத் தண்ணி என்று சந்தோஷப்பட்டோம்.

நான் படுத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டதும் அண்ணி வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா அவர். எங்கள் கோயில் பூசாரியின் மனைவி. முகம் சுளிக்காமல் என் துணிகளை அலசிப் போட்டார், தரையைக் கழுவிவிட்டார், காலைப் பிடித்துவிட்டார். எல்லாம் செய்தார், தண்ணீர் மட்டும் தரவில்லை.

"உள்ள தண்ணி போனா இன்னும் பிச்சிக்கினு போவும் மல்லிகா. வாய நனைச்சிக்க, முழுங்காத" என்று ஈரத்துணியை என் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதுதான் வைத்தியம். போகிற வயிற்றைக் காயப்போட்டால் நின்றுவிடும் என்று நம்பினோம். அண்ணியின் அன்பில் ஒரு குறையும் இல்லை. அந்த அன்போடுதான் என்னைக் காயப்போட்டார்.

விடியும்போது எனக்குக் குரல் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கைபோலச் சுருங்கிவிட்டது. காலில் நரம்பு சுண்டி இழுத்தது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். வயிற்றில் குழந்தை அசையவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. இதற்கு முன்னால் ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இதுவும் போய்விட்டால் நான் பிழைத்து என்ன பிரயோஜனம் என்றுதான் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை.

என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து லாரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மல்லாட்டை மூட்டைகளின் மேல் என்னைப் படுக்கவைத்து, அண்ணியையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். வராந்தாவில் பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் கிடந்தார்கள். கோயிலில் கூழுக்கு உட்கார்ந்த மாதிரியே வரிசையாக இருந்தார்கள். கட்டில் போதாமல் பாய் விரித்து, ஜன்னல் கம்பிகளில் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாள் மட்டும் அங்கே இல்லை. அவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள், காலையில் இறந்துவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நீரிழப்பு (உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறி வற்றிப்போவது) முற்றிய நிலை என்றார். குடிக்க என்ன கொடுத்தீர்கள் என்று அண்ணியைக் கேட்டார்.

"ஒரு சொட்டு தண்ணி குடுக்கலைங்க" என்றார் அண்ணி, பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட நிம்மதியோடு.

டாக்டரம்மா திட்டவில்லை. "போறத நிறுத்துறது நம்ம கைல இல்லம்மா. போனத திருப்பி ஊத்தணும், அவ்ளோதான் வைத்தியம்" என்றார். இரண்டு கையிலும் ஊசி குத்தி டிரிப் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர்) போட்டார்கள். பிறகு ஒரு குழலை என் வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். அங்கே வைத்தார், இங்கே வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்து, "துடிப்பு இருக்கு. ஆனா சோர்ந்து கெடக்கு. நீ குடிச்சாத்தான் அது குடிக்கும்" என்றார்.

வாந்தி நின்றதும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கச் சொன்னார். அதை அண்ணிக்கே செய்து காட்டினார்கள்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீ ஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை ஸ்பூன். நாக்கில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது. அண்ணி கலக்கினார். ஆனால் எனக்குக் கொடுக்கக் கை வரவில்லை, டம்ளரை என் வீட்டுக்காரரிடம் தந்துவிட்டார்.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று வரிசையாக விசாரித்தார். வராந்தாவே கருவாட்டுக் குழம்பைக் கைகாட்டியது. தெருவுக்கே கருவாடு விற்றவனைக் கையில் கிடைத்தால் உதைப்பதாகச் சிலர் சொன்னார்கள். இன்னும் சிலர் ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றார்கள். அண்ணி அந்தக் கட்சி. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் கூழ் ஊற்றிக் குற்றம் கழிக்கப் பூசாரி முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அதே கோயில், அதே கிணறு.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என் வீட்டுக்காரர் கல்லுபோலத் திடமாக நின்றுகொண்டிருந்தார். அதே கருவாட்டுக் குழம்பை என்னைவிட இரண்டு பங்கு சாப்பிட்டவர் அவர். அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஜாடையால் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. குனிந்து என் காதில் சொன்னார். அவருக்குக் கரைத்த கூழ் பிடிக்காது. பானை வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டியைத் தோண்டிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம், கோயில் கூழைத் தொடவே இல்லையாம்.

படைப்பதற்கு முன்னால் கூழைத் தொடுவது எங்கள் ஊரில் சின்னக் குற்றமில்லை. அதுவும் பூசாரியின் மைத்துனர். வெளியே தெரிந்தால், செத்தவரின் பாவம் உட்பட எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் என் வயிறு இன்னும் அசையாமல் கிடந்தது. இன்னொரு வயிற்றுக்கு இது வரக் கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இல்லாத குரலை இழுத்து, "சொல்லிடுங்க" என்றேன்.

அவர் ஆய்வாளரிடம் போனார். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "சார், படைக்கிறதுக்கு முன்னாடியே நான் துன்னுட்டேன். கட்டியா, தண்ணி ஊத்தாம. அதே கருவாட்டுக் கொழம்புதான். எனக்கு ஒண்ணும் ஆவல."

ஆய்வாளர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கூழிலும் குற்றமில்லை, குழம்பிலும் குற்றமில்லை, கிணற்றைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மற்றவர்கள் என் வீட்டுக்காரரையே பார்த்தார்கள். அண்ணி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். ஊரைக் கூட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

அவர் செய்தது வேறு. நேராகக் கோயிலுக்குப் போய், கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் அவிழ்த்துக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பூசாரி சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு அண்ணி சொன்ன பதிலை ஊரே பிறகு என்னிடம் வந்து சொன்னது: "ஆத்தா குளுந்த தண்ணிதான் கேக்குறா. காச்சாத தண்ணி வேணும்னு கேக்கல." அந்த வெள்ளிக்கிழமை, முதல் நாளே கொதிக்கவைத்த தண்ணீரைப் புதுப் பானைகளில் ஆறவைத்து, பானை வாயில் வெள்ளைத் துணியும் வேப்பிலையும் கட்டி எடுத்துப்போனார்கள். ஜில்லென்று இருந்ததாம். ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், சுவரும் பிறகு எழும்பியது. என் வீட்டுக்காரரை ஊரார் கொஞ்ச நாள் முறைத்தார்கள், பிறகு கேலி செய்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

குழந்தை எப்போது அசைந்தது என்று கேட்பீர்கள். அண்ணி பஸ் ஏறிப் போன அன்றே, மூன்றாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தபோது விலாப் பக்கம் ஓர் உதை விழுந்தது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். குரல் திரும்பியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசியில் விழுப்புரத்தில், அம்மா வீட்டில் இருந்தபோது மகள் பிறந்தாள். எடை குறைவு, சத்தம் அதிகம்.

இப்போது உணவு விஷயத்தில் என்னைக் கண்டால் உறவுக்காரர்களுக்குப் பயம். கல்யாண வீட்டில்கூட நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அடுப்பில் வெந்தது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. வெந்த பிறகு அதில் எதைக் கலக்கிறோம், எந்தக் கையால் கலக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மோர் கரைக்கிற தண்ணீரும் சட்னிக்கு விடுகிற தண்ணீரும் காய்ச்சியதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

போன கோடையில் விழுப்புரத்துக்குப் போயிருந்தபோது மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அண்ணியும் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, கரைசலைக் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு ஸ்பூன் கொடுத்தால் துப்பினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். அதைப் பாதி விழுங்கினாள். என் கை சோர்ந்ததும் அண்ணி அவளைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்கும் இப்பிடித்தான் குடுத்திருக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல். கரைசல் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அடுத்த ஸ்பூனை நீட்டினார்.

முன்பெல்லாம் உடம்பு என்பது தானாக ஓடுகிற மெஷின் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, அது நிமிஷத்துக்கு நிமிஷம் யாராவது ஊற்ற ஊற்ற நிற்கிறது. அன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் மணி என்ன என்று தெரியாது. ஒரு ஸ்பூன் ஆனது, பிறகு இன்னொரு ஸ்பூன் ஆனது, நேரம் அப்படித்தான் போனது.

வெயில் இறங்குகிற சமயத்தில் மகள் அண்ணியின் மடியிலேயே சிறுநீர் கழித்தாள். ஊற்றிய தண்ணீர் உடம்பில் தங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அண்ணி கட்டியிருந்தது நல்ல புடவை. மாற்றிக்கொண்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்து, சிரித்தபடி அடுத்த ஸ்பூனைக் கொடுத்தார்.