என் வீட்டில் சார், அவன் வீட்டில் அண்ணன்

கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விடுகிறோம். என் மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் நாலு போர்ஷன் உள்ள கட்டடம். இரண்டையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கட்டினோம். என் மாடி அடிக்கடி காலியாகும். அவனுடைய போர்ஷன்களுக்கு மட்டும் ‘டு லெட்’ பலகை தொங்கி நான் பார்த்ததே இல்லை. காலி செய்து போகிறவர்களே அடுத்த ஆளைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்களாம். இதை என் மனைவி வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். சும்மா தம்பி பெருமைதான். எனக்கு அது என்னைச் சொல்வது மாதிரியே கேட்கும்.

எங்கள் மாடியில் ஒரு லேப் டெக்னீஷியன் சில வருஷம் குடியிருந்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், அவ்வளவுதான் குடும்பம். சொந்த ஊர் காடாம்புலியூர். வாடகை ஒரு நாளும் தள்ளிப்போனதில்லை. மேலே ஆள் இருக்கிற சத்தமே கேட்காது. அது போயிற்று, இது உடைந்தது என்று கீழே இறங்கி வந்ததில்லை. குடித்தனக்காரர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவர் வந்து நின்றார்.

“சார், எங்க லேப்புக்கு சிதம்பரத்துல பிராஞ்ச் திறக்கிறாங்க. என்னத்தான் போவச் சொல்றாங்க. அங்க வூடு எதுனா தெரியுமா சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது. “எந்தம்பி வூடு இருக்குதே. கீழ் போர்ஷன் காலியாவுதுன்னு நேத்துதான் சொன்னான். இருங்க, போன் போடறேன்.”

இப்படித்தான் என்னுடைய நல்ல குடித்தனக்காரர் என் மச்சானிடம் போனார். சாமான் ஏற்றிய வண்டிக்கு வழி சொல்லி அனுப்பியதும் நான்தான்.

அவர்கள் போன பிறகு மாடியைத் திறந்து பார்த்தேன். குளியலறைக் குழாய் மூட்டில் தண்ணீர் கசிந்து தரையில் பச்சை படிந்திருந்தது. மரக்கதவின் அடிப்பாகம் ஊறி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. ஒரு நாள் இரண்டு நாள் கசிவு இல்லை அது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அடுத்த பலாப்பழ சீசனில் மச்சான் மகளுக்கு வளைகாப்பு. சிதம்பரம் போனோம். வாசலில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், அவர்தான். என்னைப் பார்த்ததும், “வாங்க சார்” என்று கை கூப்பினார். திரும்பி மச்சானிடம், “அண்ணே, தயிரு பத்தாது போலக்குது. வாங்கியாந்துடவா?” என்றார். உள்ளே அவர் மனைவி வளைகாப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பந்திக்குப் பின்னால் இரண்டு முழுப் பலாப்பழம். காடாம்புலியூரிலிருந்து அவரே சுமந்து வந்தது என்று பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இருந்தபோது சீசனுக்கு ஒரு தட்டு சுளை வரும், மேலே பேப்பர் மூடி. என் மகன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தார்கள். கவர் கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். முழுப்பழம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காற்று வாங்குகிற சாக்கில் மொட்டை மாடிக்கு ஏறினேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். மழைத்தண்ணீர் இறங்குகிற ஓட்டைகளில் ஒரு சருகு கிடையாது. ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கம்பி வலை போட்டிருந்தான். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே அடிப்பாகம் வரைக்கும் தெரிந்தது. மூடியைக் காற்று தூக்காமல் இருக்க ஒரு கயிறு வேறு. எரிச்சலோடு இறங்கி வந்தபோது படிக்கட்டுச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஓதம் ஏறியிருப்பதைப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன்.

“மச்சான், செவுத்துல ஓதம் ஏறிக் கெடக்குதே. கவனிக்கலியா?”

“பாத்தேன் மாமா. மேல பாத்ரூம் குழா கசிஞ்சிருக்குது. குழாய மாத்திட்டேன். செவுரு நல்லா காயட்டும்னு உட்டு வெச்சிருக்கேன். ஈரத்து மேல பட்டி பாத்தா திரும்ப உரிஞ்சிக்கும்.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“மேல இருக்கறவங்கதான் சொன்னாங்க. சொட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க.”

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் குடித்தனக்காரர்கள் இருந்தார்கள். என் வீட்டிலும் குழாய் சொட்டியது. இவனிடம் மட்டும் ஏன் ஓடிவந்து சொல்கிறார்கள்? கை கழுவுகிற இடத்தில் டெக்னீஷியனின் மனைவியைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, எங்க பாத்ரூம் கதவு அவ்வளவு மோசமாப் போயிருந்துதே. ஒரு வார்த்த சொல்லலியே?”

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “வந்த புதுசுல சொன்னோம் சார். ‘நீங்க வர்றவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு’ன்னீங்க. அதுக்கப்பறம் சொல்லல.”

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கடல் பக்கத்து வீட்டுக்கு உப்புக்காற்று அடிக்கும், கீலும் தாழ்ப்பாளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், சிதம்பரத்துக்காரனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழி வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

ஆனால் அந்த வாரமே கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிட்டேன். குளியலறைக்குத் தண்ணீரில் ஊறாத பிளாஸ்டிக் கதவு போட்டேன். மூட்டுகளை மாற்றினேன். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினேன், கரண்ட் பில்லில் யாரோடும் சண்டை வராது. மழைக்கு முன்னால் ஓட்டைகளுக்குக் கம்பி வலை, அவன் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாக. இதில் நல்ல எண்ணம் எதுவும் கிடையாது. அவனுக்கு இருப்பது எனக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷ மழையில் மாடி ஒரு சொட்டு ஒழுகவில்லை. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஐப்பசி பிறந்த பிறகு கொத்தனாரைத் தேடாதீர்கள். வீடு காலியாக இருக்கிற நாளில் எல்லாக் குழாயையும் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருங்கள். எங்கே சொட்டுகிறது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது.

நடுவில் மாடிக்குக் காலேஜ் பையன்கள் வந்தார்கள், படிப்பு முடிந்து போனார்கள். மறுபடியும் பலகை தொங்கியது.

அப்போதுதான் மச்சான் போன் செய்தான். மகளுக்குக் குழந்தை பிறந்து, மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை அமைந்து, அவள் குழந்தையோடு சிதம்பரத்திலேயே தங்கப் போகிறாள். அவளுக்குக் கீழ் போர்ஷன் வேண்டும். அதில் டெக்னீஷியன் குடும்பம் இருக்கிறது.

“காலி பண்ணச் சொல்லேன்,” என்றேன்.

“வாய் வரல மாமா. தம்பி மாதிரி பழகிட்டாரு. அக்ரிமெண்ட்டுன்னும் ஒண்ணும் எழுதிக்கல. நீங்க வந்து பேசுங்களேன். நீங்கதான் கறாரா பேசுவீங்க.”

அதில் இருந்த குத்து எனக்குப் புரிந்தது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாரும் கொண்டாடுகிற அந்த வீட்டில் ஒரு காரியம் அவனால் ஆகவில்லை, என்னால்தான் ஆக வேண்டும். அடுத்த நாளே கிளம்பினேன்.

நான் போன நேரத்தில் மச்சான் பால் வாங்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டான். அவர்கள் ஹாலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். டெக்னீஷியன் மனைவியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“அண்ணனே சொல்லிருக்கலாமே சார்.”

“அவனுக்குச் சங்கடம்.”

“நீங்கன்னா பதினோரு மாசம்னு எழுதி கையெழுத்து வாங்கிருப்பீங்க. எப்ப கேப்பாங்கன்னு எங்களுக்கும் ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கும்,” என்றார். என்னைப் பற்றி அவர் நல்லதாகச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் கடலூர்ல ஸ்கூல்ல வேல கெடச்சிருக்குது சார். தெனம் ரயில்ல போயிட்டு வரேன். அங்கியே வூடு பாக்கலாம்னுதான் இருந்தோம். காலி பண்றோம்னு அண்ணங்கிட்ட சொல்ல மனசு வரல,” என்றார்.

போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, போகிறோம் என்று சொல்ல இவர்களுக்கு மனசு வரவில்லை. இதற்குக் கடலூரிலிருந்து நான் வர வேண்டியிருந்தது.

“உங்க மாடி காலியா இருக்குதா சார்?”

உடனே சொல்லியிருக்கலாம். கேட்டதை இன்னும் கொஞ்சம் அனுபவிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இருக்குது. புதுக் கதவு போட்டிருக்கேன்,” என்றேன்.

மச்சான் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்ததும் அந்த இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “தப்பா நெனச்சுக்காத” என்று அவன் சொல்ல, “நீங்கதாண்ணே நெனச்சுக்கக் கூடாது” என்று இவர் சொல்ல, யாரும் என்னைப் பார்க்கவில்லை. காரியத்தை முடித்தது நான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒப்பந்தம் எழுதினோம். இருவரும் ஒவ்வொரு அறையாகப் போய் குழாய், சுவிட்ச், ஜன்னல் கொக்கி என்று எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம். வந்த சில நாளில் அவர் இறங்கி வந்து, “சார், சமையல்கட்டுக் குழா லேசா சொட்டுது,” என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சட்டையை மாட்டிக்கொண்டு நானே போய் பிளம்பரைக் கையோடு கூட்டிவந்தேன். முதல் புகாருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்த்துத்தான் இரண்டாவது புகார் வரும். இது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது.

போன மாசம் மச்சான் பேரனுக்கு மொட்டை போடத் திருவந்திபுரம் கோயிலுக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி வடைக்கு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கார் வந்து நின்றது. அவன் செருப்பை மாடிப்படிக்குக் கீழே கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே மேலே ஏறிவிட்டான். மேலே நாற்காலி இழுக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“நீங்களும் போங்களேன்,” என்றாள் மனைவி.

“வாடகைக்கு உட்ட வூட்டுக்குள்ள கூப்புடாம போவக்கூடாது,” என்றேன்.

நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்து டெக்னீஷியன் மாடிப்படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சார், மேல வாங்க. டீ போட்டிருக்கோம்.”

ஏறிப் போனேன். மச்சான் ஏற்கெனவே பாதி டம்ளர் குடித்திருந்தான்.