கண்ணை மூடியபோது

கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டபோது என் உடம்பு தானாக ஆடியது. “அம்மன் வந்திட்டா!” என்று யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். போரில் காணாமல்போன மகனைத் தேடும் பக்கத்து வீட்டுச் சரசக்கா, “என்ரை பிள்ளை வருவானோ, தாயே?” என்று அழுதார். ஆடிய என் தலையை அவர் ‘ஓம், வருவான்’ என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு நடையும் தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டர் பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். அதே ஆட்டம். விழுமுன் பிடித்துக்கொண்டார்.

“கண் திறந்திருந்தால்தான் உங்களாலை நிக்க ஏலும், தங்கச்சி.”

ஸ்கான் எடுத்தபின் பெயரும் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்பைத் தின்னும் நோய், முழுக்கச் சுகமாகாதாம்.

உண்மையைச் சொல்லிவிடச் சரசக்காவிடம் போனேன். மகனின் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குனிந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

கண்ணை மூடினால் நிற்கக்கூட ஏலாத காலை.